வேலைக்குப் போகிறவன்

தமிழில் ஒருவன் வேலை செய்கிறான் என்று சொன்னால் யாருக்கும் பெருமை வராது. மரியாதை வேண்டுமென்றால் வேலைக்குப் போக வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர், கோயில் பிராகாரத்தில் சுற்றுகிறவர், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து சப்பாத்தியைப் பிரிக்கிறவர், எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "தம்பி எங்க வேலைக்குப் போறீங்க?" என்ன வேலை என்பது அதற்கு அப்புறம்தான். எங்கே என்பதற்குப் பதில் இல்லாதவனை யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. ஹைதராபாத்தில் ஊரே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வருஷங்களில் நான் இந்த முதல் கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அப்பா மௌலா அலிப் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். திருநெல்வேலிக்காரர். நாங்கள் இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸ். அந்தத் தொழிற்சாலையில் பாஸ் இல்லாமல் ஈ, காக்கை உள்ளே போக முடியாது. அப்பாவுக்கு அந்தப் பாஸ்தான் பூணூல், சிலுவை, தாயத்து எல்லாம். ஒருநாள் அதை மறந்துவிட்டுப் போய், முப்பது வருஷம் தினமும் வணக்கம் சொன்ன கேட் செக்யூரிட்டி தன்னை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியதைப் பெருமையாகச் சொல்வார். "ரூல்னா ரூல்லே. அவன் ஆம்பள" என்பார்.

நான் படித்துவிட்டு ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். கழுத்தில் அடையாள டேக், வாசலில் ஏற்றிப்போகக் கேப், எல்லாம் இருந்தது. அமெரிக்காவில் சரிவு வந்ததும் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். வேறு வேலை தேடிக்கொண்டிருந்தபோது நண்பன் ஒருவன் சொல்லி, வெளிநாட்டு இணையதளங்களுக்குக் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். ஆரம்பித்தது தற்காலிகமாகத்தான். பிறகு எனக்கு அது பிடித்துப்போயிற்று. நான் பார்த்தே இராத பனியை வாசலிலிருந்து அள்ளுவது எப்படி, கிழட்டு நாய்க்கு முடி வெட்டுவது எப்படி, புல்வெளியில் பாசி பிடித்தால் என்ன செய்வது என்றெல்லாம் எழுதினேன். சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தைத் தேடிப் படித்து, புரிந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருவருக்குப் புரிகிற மாதிரி சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை நான் எந்த ஆபீஸிலும் அனுபவித்ததில்லை. வீட்டுப் பராமரிப்புத் தளம் ஒன்றில் எனக்கு ஓர் ஆசிரியை, அதாவது எடிட்டர், இருந்தார். முகம் பார்த்ததில்லை. உன் வாக்கியங்கள் தெளிவாக இருக்கின்றன, உன்னுடையதில் நான் கைவைக்க வேண்டியதே இல்லை என்று எழுதுவார். அந்த ஒரு வரிக்காக இன்னொரு கட்டுரை எழுதலாம் போலிருக்கும்.

அப்பாவிடம் ஃப்ரீலான்ஸ் என்று சொன்னேன். அதில் முதல் பாதிதான் அவர் காதில் விழுந்தது. "ஃப்ரீயா எழுதுதியா?" என்றார். ஃப்ரீயாக இல்லை, காசு தருகிறார்கள் என்றேன். "அப்ப ஃப்ரீயா இருக்கும்போது எழுதுத" என்று தானே முடித்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், "இப்போதைக்கு ஃப்ரீயா இருக்கான்" என்பதுதான் என் உத்தியோகம். வீட்டில் ஓடிய ஃபிரிட்ஜ் நான் எழுதிய காசில் வாங்கியது. அதிலிருந்து குளிர்ந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே, "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல" என்பார்.

ஒருதரம் ஒரு கட்டுரையை அச்செடுத்து அவர் காபிக்குப் பக்கத்தில் வைத்தேன். நல்ல கட்டுரை. மழைக்குமுன் கூரையைச் சரிபார்ப்பது பற்றியது. கூரை விஷயம் அவருக்கும் தெரியும், படித்துவிட்டு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"உன் பேரு எங்கலே?"

"பேரு போடமாட்டாங்கப்பா. தளத்தோட பேர்லதான் வரும்."

"பேரு இல்லாத வேலை என்ன வேலை?" தாளை மடித்து டம்ளருக்குக் கீழே வைத்தார். நான் அந்த ஈர வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முப்பது வருஷம் செய்த எந்த உருப்படியிலும் அவர் பேர் கிடையாது. அதை அப்போது சொல்லத் தோன்றவில்லை. நமக்கு எப்போதும் நல்ல பதில் குளிக்கும்போதுதான் வரும்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான். தாங்க முடியாதது தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் வந்தது. எங்களில் பெண் கேட்டு வருமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். குவார்ட்டர்ஸில் விசாரிப்பது இன்னும் சுலபம், எல்லாரும் ஒரே கேட்டில் நுழைகிறவர்கள். மூத்த பையன் கைலியோடு வீட்டில் இருக்கிறான் என்று எவனாவது சொல்லிவிட்டால் சம்பந்தம் கெட்டுப்போகும் என்று அப்பா முடிவுகட்டினார். ஒருநாள் இட்லிக்கு நடுவில் உத்தரவு வந்தது. நாளையிலிருந்து நான் ஒன்பது மணிக்கு பேண்ட், சட்டை, பை, டிபன் பாக்ஸ் சகிதம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சாயங்காலம்தான் திரும்ப வேண்டும்.

"எங்க போறது?"

"எங்கயாச்சும் போ. போறது தெரியணும், அவ்வளவுதான்."

"எனக்கு இங்கதான் வேலைப்பா. கம்ப்யூட்டர் இங்க இருக்கு."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லிருக்காவ. உன்ன ஒரு பொய்தான் சொல்லச் சொல்லுதேன்."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா சட்னியைப் பார்த்தாள். மறுநாள் காலை என் பொய்யைத் தயிர்சாதமும் மாவடுவுமாகக் கட்டிக் கையில் கொடுத்தாள். "தங்கச்சிக்காக எய்யா" என்றாள்.

ஷேர் ஆட்டோ பிடித்துத் தார்நாகா போனேன். சந்துக்குள் ஒரு நெட் சென்டர். ஒட்டடை பிடித்த தடுப்புகள், எழுத்து அழிந்த விசைப்பலகை, பக்கத்தில் காலேஜ் பையன்கள் துப்பாக்கி விளையாட்டு விளையாடிக்கொண்டு "மார், மார்" என்று, அடி, அடி என்று, இந்தியில் கத்துவார்கள். அங்கே உட்கார்ந்து தினமும் எழுதினேன். என் ஆசிரியை அந்தச் சமயம் பார்த்துத் தந்த வேலை என்ன தெரியுமா? வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான தொடர். மேஜையை ஜன்னலோரம் போடுங்கள், குடும்பத்தாரிடம் உங்கள் வேலை நேரத்தை அன்பாக எடுத்துச் சொல்லுங்கள், அறைக்கதவைச் சாத்த அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நான் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, அடுத்தவன் வியர்வை காயாத நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். அந்தத் தொடர் நன்றாக வந்திருப்பதாக அவர் பாராட்டினார்.

அந்த வருஷங்களில் ஊரில் அடிக்கடி பந்த் வரும். கடை கிடையாது, பஸ் கிடையாது, நெட் சென்டருக்கும் ஷட்டர். அன்றைக்காவது வீட்டில் இருக்கலாம் என்று கைலியைக் கட்டினேன். அப்பாவின் தொழிற்சாலை பந்த் அன்றும் ஓடும். அவர் பாஸை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஐ.டி. கம்பெனிக்கு லீவு இல்லலே. கெளம்பு." நான் கிளம்பினேன். எனக்கே என்மேல் காறித் துப்பலாம் போலிருந்தது. மௌலா அலி ஸ்டேஷன் பெஞ்சில், ரயில் வராத தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தேன். அப்பாவோடு வேலை பார்க்கிற, எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர் நைட் ஷிப்டு முடிந்து அந்த வழியாக நடந்து வந்தார். என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் கேட்டிருந்தால்கூட அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

ஒரு வரன் கூடிவந்தது. பையன் ஹைதராபாத்திலேயே பெரிய கம்பெனியில் மென்பொருள் வேலை, பூர்வீகம் தென்காசிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அப்பா செகந்திராபாத் போய்விட்டு வந்து என் கையில் ஒரு காகித உறையைக் கொடுத்தார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. உள்ளே ஒரு டேக்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை அடிக்கிற கடையில் செய்திருக்கிறார். என் காலேஜ் ஹால் டிக்கெட்டில் இருந்த, அரும்பு மீசை போட்டோ. உலகத்தில் இல்லாத ஒரு கம்பெனிப் பெயர். அதற்குக் கீழே 'சீனியர் இன்ஜினியர், கான்டென்ட்' என்று ஆங்கிலத்தில். அதிலும் கான்டென்ட்டுக்கு ஓர் எழுத்து தப்பு. தொழிற்சாலைப் பாஸில் இருக்கிற மாதிரியே ரத்த வகை, அங்க அடையாளம், வழங்கும் அதிகாரி கையெழுத்து எல்லாம் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். வழங்கும் அதிகாரியின் கையெழுத்து அப்பாவுடையது. நாடாவில் வரிசையாக ஏதோ அச்சடித்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு நர்சரிப் பள்ளியின் பெயர், கூடவே சிரிக்கிற முயல்குட்டி. கடைக்காரன் மிச்சம் கிடந்த நாடாவைத் தள்ளிவிட்டிருக்கிறான்.

"திருப்பிப் போட்டா தெரியாது" என்றார் அப்பா.

நான் கத்தினேன். அந்த வீட்டில் அதுவரை நான் அப்படிக் கத்தியதில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் நான் மனுஷனா, நான் சம்பாதிக்கிறது கள்ள நோட்டா, முழுப் பூசணிக்காயை முயல்குட்டிச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களா என்று என்னென்னவோ கத்தினேன். உள் அறையிலிருந்து தங்கை வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழில் கேட்டு எதிலாவது பதில் சொல்வாள்.

"நக்கோ அண்ணா. இப்போ சண்டை நக்கோ. ஏக் கண்டா ஹீ தோ ஹை" என்றாள். வேண்டாம், ஒரு மணி நேரம்தானே என்கிறாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும், போட்டோவை இரண்டுதரம் எடுத்துப் பார்த்ததை நானே பார்த்தேன். டேக்கை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வீட்டுக்குள், ஞாயிற்றுக்கிழமை, கழுத்தில் ஆபீஸ் டேக்கோடு கேசரித் தட்டை நீட்டியவன் இந்த நகரத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். மாப்பிள்ளைப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நெஞ்சைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்லா, ஆபீஸா?" என்றான். நான் வாயைத் திறக்குமுன் அப்பா, "ஷிப்டு" என்றார். தொழிற்சாலைக்காரர் புத்தி. பையன் தலையாட்டினான். சற்றுக் கழித்துக் கை கழுவ வேண்டும் என்று எழுந்தான். நான்தான் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழாயடியில் அவன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான், உள்ளே போகிற உத்தேசம் இல்லை.

"உங்க கம்பெனி எந்த கேம்பஸ்ல இருக்கு?" என்றான்.

என் பொறுமை அதோடு தீர்ந்தது. கேம்பஸும் இல்லை, கம்பெனியும் இல்லை, இந்த ஜன்னலுக்கு உள்ளே தெரிகிறதே அந்தக் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன், அதுதான் என் வேலை, பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோம் என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவன் சிரிக்கவில்லை. "தெரியும்" என்றான். "விசாரிக்காமலா வந்திருப்போம்? மூணாவது வீட்டு சார் எல்லாம் சொல்லிட்டாரு. பையன் வீட்டுல இருந்து வெளிநாட்டுக்கு எழுதுதான், நல்ல பையன், அவங்க அப்பாவுக்குத்தான் அதச் சொல்ல வெக்கம், தெனமும் தார்நாகா நெட் சென்டருக்கு அனுப்பிருதாருன்னு. இந்தக் காலனில எல்லாருக்கும் தெரியுமாம். எங்க அப்பா அதுல ஒண்ணும் நெனைக்கல." பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த நாடாவ மட்டும் சரி பண்ணிக்கோங்க, திரும்பிருச்சு" என்றான். குனிந்து பார்த்தேன். முயல்குட்டி சிரித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுப் போனதும், அந்தச் சந்தோஷத்தில் அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் டேக்கைக் கழற்றி அவர் முன்னால் போட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது அப்பா, காலனி முழுக்கத் தெரிந்திருக்கிறது, நான் இவ்வளவு நாள் வெயிலில் அலைந்தது ஒருத்தரையும் ஏமாற்றவில்லை என்றேன். அதைக் கேட்டு அவர் இடிந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். இடிந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"தெரியும்லே" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஊருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"பின்ன எதுக்கு?"

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "காலைல யூனிபாரத்தப் போட்டுட்டுப் பாஸ எடுக்கும்போது நீ கைலியோட உக்காந்திருக்கதப் பாத்தா எனக்கு அத மாட்டக் கை வரமாட்டேங்கு. வேலைக்குச் சேந்த நாள்லேந்து பாக்கேன், பகல்ல வீட்டுல இருக்க ஆம்பள ஒண்ணு சீக்காளி, இல்லன்னா சஸ்பெண்டு ஆனவன். நீ வெளிய போறதக் கண்டாத்தான் எனக்கு கேட்டத் தாண்டக் காலு வருது. அதுக்கு என்னய என்ன செய்யச் சொல்லுத?"

அவர் பயந்துபோயிருந்தார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்கே கொஞ்சம் புரிந்தது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? எனக்குக் கோபம் அதிகமாகத்தான் ஆயிற்று. அவருக்குக் கால் வருவதற்காக நான் நாயாக அலைந்திருக்கிறேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தங்கை மாதாபூர் பக்கம் குடித்தனம் போனாள். இனிமேல் சாக்கு எதுவும் இல்லை என்று நான் நினைத்தேன். திங்கட்கிழமை காலை குளித்துவிட்டுக் கைலியோடு என் அறையில் உட்கார்ந்தேன். ஆசிரியைக்கு அன்று அனுப்ப வேண்டிய நீளமான கட்டுரை, பாதிக்குமேல் வந்திருந்தது. கல்யாண அலைச்சலுக்குப் பிறகு முதல்தடவையாக வாக்கியங்கள் தானாக வந்துகொண்டிருந்தன. வாசலில் அப்பாவின் பூட்ஸ் சத்தம் நின்றது.

"ஏலே, நேரமாச்சு. கெளம்பு."

"எங்க?"

"வேலைக்கு."

"நான் வேலைலதான்பா இருக்கேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் உள்ளே வந்து, என் தோளுக்குமேல் கையை நீட்டி, சுவிட்சை அணைத்தார். யு.பி.எஸ். செத்து மாசக்கணக்காகியிருந்தது. திரை அப்படியே கறுத்தது. அதில் என் முகமும், பின்னால் யூனிபாரமும் தெரிந்தன.

நான் அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அடிக்கவில்லை. எழுந்து பேண்ட்டை மாட்டினேன். அம்மா வழக்கம்போல டிபன் பாக்ஸை நீட்டினாள், வாங்கவில்லை. அந்த வாரமே தார்நாகாவில், ஒரு ரிட்டயர்டு விஞ்ஞானி வீட்டு மாடியில், ஓர் அறை எடுத்தேன். வீட்டுக்காரருக்குத் தெலுங்கில் என் வேலையை விளக்கினேன். ஒருதரம் கேட்டார், சரி என்றார், அட்வான்ஸை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றும்போது அப்பா டியூட்டியில் இருந்தார். வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்துப் போனேன்.

என் கோபம் அவருக்குப் புரியட்டும் என்றுதான் போனேன். மகன் வீட்டைவிட்டே போய்விட்டான் என்று நாலு பேர் கேட்பார்கள், அப்போது அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும், என் மகன் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலையை நான் வேலை என்று ஒத்துக்கொள்ளவில்லை என்று. அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அம்மா போன் பண்ணினாள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா நேத்து கோயில்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருந்தாவ எய்யா. தெனமும் அலைய முடியல, ஆபீசுக்குப் பக்கத்துலயே மகன் ரூம் எடுத்துட்டான்னு. சந்தோசமாத்தான் சொன்னாவ. யாராச்சும் கேட்டா நீயும் அப்படியே சொல்லிரு."

"நீ என்னம்மா சொன்னே?"

"ஆமான்னேன்."

போனை வைத்தேன். கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன், கையை நீட்டினால் மேஜை. ஆபீசுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். என் வேலையைப் பற்றி அப்பா வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. அது உண்மை என்று அவருக்குத் தெரியாது.